மணலில் போகும் வண்டி

உட்காருங்கள் அக்கா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

மருந்துக்கடை வசந்தி அக்கா அனுப்பினார்களா? நினைத்தேன். துறையூரில் யார் வண்டி வாங்குவதாக இருந்தாலும் அவர்கள் இங்கேதான் அனுப்பிவிடுகிறார்கள். சரி, நீங்கள் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு ஜீப் மாதிரி உயரமாக, மேடு பள்ளம் ஏறுகிற வண்டி வேண்டும். கொழுந்தனார், கடைக்குச் சரக்கு ஏற்ற ஆகும், பிக்கப் வாங்கு என்கிறார். உங்களுக்கு மாமியார், பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து போக ஒரு வேன் இருந்தால் போதும். இதில் என் கருத்து என்ன என்று கேட்கிறீர்கள்.

கருத்தா? கருத்துக்குக் குறைவே இல்லை அக்கா. எனக்கு வேறு எதுவும் அவ்வளவாகக் கிடையாது, கருத்து மட்டும் உண்டு.

பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தமாகப் பிக்கப் வைத்திருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. தெருவில் யார் வீடு மாற்றினாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். "சும்மா ஒரு பீரோதான் அண்ணே" என்பார்கள். பீரோவோடு கட்டில் வரும், கட்டிலோடு கிரைண்டர் வரும், கடைசியில் துளசிமாடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா முன் சீட்டில் ஏறி உட்காருவார். வேன் என்றால் அது வேறு மாதிரி. வேன் வாங்குகிறவர் வண்டியா வாங்குகிறார்? சொந்தக்காரர்களை வாங்குகிறார். எட்டு சீட்டு இருக்கிறது என்று தெரிந்தால் போதும், பத்துப் பேர் கிளம்பி நிற்பார்கள். ஜன்னலோரம் வாந்தி எடுக்கிற பிள்ளை ஒன்று, புளியோதரை மூட்டை ஒன்று, எந்த வேனிலும் இந்த இரண்டும் இருக்கும். அந்த வாசனை வண்டியை விற்றாலும் போகாது. ஜீப் வைத்திருக்கிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பாரபட்சம் வேண்டாம். இந்த ஊரில் அப்படி ஏழெட்டு வண்டிகள் இருக்கின்றன. அவை ஏறிய மிக உயரமான மலை, ஜவுளிக்கடை வண்டி நிறுத்துமிடத்துச் சரிவுதான்.

இதையெல்லாம் நான் இன்டர்நெட்டில் ஒரு வாகனக் குழுவில் எழுதுவேன். சுடர் என்ற என் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. "சுடர் அண்ணே, எதை எடுக்கலாம்?" என்று கேட்பார்கள். நானும் திருத்துவதில்லை. பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்துகிறேன், அங்கேகூடப் பாதி நேரம் கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுவேன். முன்பெல்லாம் வீட்டுக்கு யாராவது வந்தால் சமையற்கட்டுக்குள் போய்விடுவேன். அந்தக் குழுவில் மட்டும் நான் அண்ணன்.

அண்ணனின் கதையை இப்போது கேளுங்கள். கேட்டுவிட்டு என் கருத்து வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

போன வருஷம் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரர் ஜீப் விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். பழைய ஜீப்தான், ஆனால் ஃபோர் வீல். சாதாரண வண்டிக்கு இரண்டு சக்கரத்துக்கு மட்டும்தான் எஞ்சின் இழுவை போகும். இதற்கு ஒரு லிவரைத் தள்ளினால் நான்குக்கும் போகும். ஒன்று தேங்கினாலும் மற்றது இழுக்கும். குழுவில் வந்த அதன் படத்தை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பச்சை நிறம். முன்னால் இரண்டு வட்ட விளக்கு. அப்பாவிடம் "சும்மா பார்த்துட்டு வரலாம்ப்பா" என்றேன். அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கே கூப்பிட்டாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பழைய ஜீப் வாங்குவது எப்படி என்று நானே குழுவில் எழுதியிருக்கிறேன். மிக நீளமான பதிவு. அதில் முதல் விதி என்ன தெரியுமா? தரையில் படுத்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள். மேலே தெரிகிற பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், உண்மை எல்லாம் அடியில்தான் இருக்கிறது. இதை எழுதியவள் நான்.

பண்ணையில் போய் இறங்கினால், வண்டியைச் சுற்றி நாற்காலி போட்டு ஐந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி, அவருடைய மச்சான், இன்னும் மூன்று பேர். நான் சுடிதாரும் துப்பட்டாவுமாக நிற்கிறேன். எப்படிப் படுப்பது? சொல்லுங்கள். ஐந்து பேர் பார்க்க, கோழி எச்சம் கிடக்கிற மண்ணில் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டு, காலை வெளியே நீட்டிக்கொண்டு? செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் கொஞ்சம் குனிந்தேன். அங்கிருந்து முன் டயர் மட்டும்தான் தெரிந்தது. அதையே உற்றுப் பார்த்தேன்.

"பாப்பா, டயர்ல என்னா தெரியுது?" என்றார் மச்சான்.

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நிமிர்ந்துவிட்டேன்.

ஓட்டிப் பார்த்தேன். லிவரைத் தள்ளினால் கட்டக்கென்று விழுந்தது. திரும்பி வந்ததும் ஐந்து பேரும் "என்னா பாப்பா, புடிச்சிருக்கா?" என்று என் முகத்தையே பார்த்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு ஜீப்பையே வாங்கி வந்தவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கூச்சம் மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. ஆசை. பச்சை நிறம் என்று சொன்னேனே.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்குக் கோபம் வந்தது. நாமக்கல்லில் வராத கோபம் துறையூரில் வந்தது. "கல்யாணத்துக்குச் சேர்த்த காசுல ராணுவ வண்டி வாங்கிட்டு வந்திருக்கா உன் பொண்ணு. இவள யாரு கட்டுவான்? கர்னலா?" என்று அம்மாவிடம் கத்தினார். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல வாசலில் இறங்கி, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"ஏன்டி, இது மணல்ல போகுமா?"

அம்மா ஏன் அப்படிக் கேட்டாள் என்றால், எங்கள் குலசாமி கோயில் பச்சைமலை அடிவாரத்தில், ஒரு காட்டாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தண்ணீர் வருவது வருஷத்தில் பத்து நாள்தான், மற்ற நாளெல்லாம் மணல். வண்டியை இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு எல்லாரும் மணலில் நடந்து போவோம். காலம் காலமாக அப்படித்தான். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து போனதிலிருந்து, ஒன்பது வருஷமாக, அவள் வருவதில்லை. "சாமிக்கு நம்ம வீடு தெரியும், இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன்" என்று சொல்லிக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து எங்களை அனுப்பிவிடுவாள்.

அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு வழி தெரிந்தது அக்கா. "உனக்காகத்தாம்மா வாங்கினேன். உன்னைக் கோயில் வாசல்லயே கொண்டுபோய் இறக்கறேன்" என்றேன்.

பொய். சுத்தப் பொய். அந்த நொடி வரை எனக்கு அம்மா ஞாபகமும் வரவில்லை, கோயில் ஞாபகமும் வரவில்லை. ஆனால் அப்பா வாயை மூடிக்கொண்டார். அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்று சிரித்தாள். அப்படியே நம்பிவிட்டாள், பாவம்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்த ஜீப்பை ஓட்டினேன். செம்மண் ரோட்டில், கரும்புத் தோட்டத்துப் பாதையில், மழை பெய்த சேற்றில். லிவரைத் தள்ளினால் வண்டி உறுமிக்கொண்டு மெதுவாக, பலமாக ஏறும். குழுவில் அதைப் பற்றிப் பெரிய பதிவு போட்டேன். 'முன் சக்கரங்கள் மண்ணைக் கடிக்கும் அந்த உணர்வை ஸ்டியரிங் வழியாக உள்ளங்கையில் உணரலாம்' என்று எழுதினேன். எத்தனை பேர் பாராட்டினார்கள்! "அண்ணே, நீங்க எழுதுனதப் படிச்சா நானே ஓட்டுற மாதிரி இருக்கு" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான்.

என் அண்ணன் இளம்பரிதி எட்டுப் பேர் உட்காருகிற வேன் வைத்திருக்கிறான். வெள்ளை நிறம். நான் அதை ரொட்டிப் பெட்டி என்பேன். அவன் கோபப்பட மாட்டான். "ரொட்டிப் பெட்டில ஏசி இருக்கு, உன் ஜீப்ல என்ன இருக்கு?" என்பான். "அதுல காத்து வருதுங்க, அஞ்சு பக்கமும் வருது" என்பாள் சங்கவி அண்ணி.

இந்தத் தை மாசம் அவர்கள் பையன் நித்திலனுக்கு முதல் முடி எடுக்கக் குலசாமி கோயிலுக்குப் போவதாக முடிவானது. முதல் பேரன். பத்தரை மணிக்குள் முடி இறக்கிவிட வேண்டும் என்று பூசாரி நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். எங்கள் வழக்கப்படி, முதல் முடியை அத்தை தன் முந்தானையில் ஏந்த வேண்டும். அத்தை நான் ஒருத்திதான்.

ஒரு வாரம் முன்பே அம்மா புடவை எடுத்து வைத்துவிட்டாள். பார்க்கிறவர்களிடமெல்லாம், "இந்தத் தரம் நானும் போறேன். சின்னவ கூட்டிட்டுப் போறா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடை வசந்தி அக்காவுக்கு அப்படித்தான் என் வண்டி தெரியும்.

காலையில் கிளம்பினோம். வேனில் அண்ணன், அண்ணி, குழந்தை, அப்பா, பெரியப்பா வீட்டார். என் ஜீப்பில் அம்மா, முன் சீட்டில், மடியில் தாம்பாளத்தோடு. பாத்திரம், அரிசி, ஆடு எல்லாம் ஏற்றி வர ஆரோக்கியம் என்று ஒரு பிக்கப்காரரை அமர்த்தியிருந்தோம். அவர் பின்னால் வருகிறேன் என்றார். வேப்பமரத்தடிக்கு வந்ததும் வழக்கம்போல் எல்லாரும் இறங்கி மணலில் நடக்க ஆரம்பித்தார்கள். மணி ஒன்பதே கால்.

நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். "அம்மா, கம்பியைப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு லிவரைத் தள்ளினேன். கட்டக். நடந்துகொண்டிருந்த எல்லாரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா செல்போனில் படம் எடுத்தார். நான் யார் முகத்தையும் பார்க்காமல், ஆனால் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்து, ஆற்றுக்குள் இறங்கினேன்.

முப்பது அடி போயிருக்கும். வண்டி நின்றது.

முடுக்கினேன். பின்னால் மணல் பறந்தது. இன்னும் முடுக்கினேன். வண்டி முன்னால் போகவில்லை, கீழே போனது. பின் பக்கம் அப்படியே உட்கார்ந்தது, கோழி அடைக்கு உட்காருகிற மாதிரி. அம்மாவின் தாம்பாளத்திலிருந்து எலுமிச்சம்பழம் உருண்டு என் காலடிக்கு வந்தது.

அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "சுடர், கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. பின் சக்கரம் சுத்துது. முன் சக்கரம் சும்மாதான இருக்கு?"

"அண்ணி, அது அப்படித் தெரியும். இழுவை பகிர்ந்து போறப்ப, பிடிமானம் குறைஞ்ச சக்கரம் வேகமா சுத்தும். பிடிமானம் இருக்கற சக்கரம் நிதானமா வேலை செய்யும்."

"எவ்ளோ நிதானமா? அசையவே இல்லையே."

"கண்ணுக்குத் தெரியாது அண்ணி."

அக்கா, அண்ணிக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அவளுக்கு நான் ஐந்து நிமிஷம் விளக்கினேன். கீழ் கியர் என்றேன், டார்க் என்றேன், டயரில் காற்றைக் குறைத்தால் சரியாகிவிடும் என்றேன். அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "ஓகோ" என்றாள். அந்த 'ஓகோ' இன்னும் என் காதில் இருக்கிறது.

அண்ணனும் பெரியப்பா மகனும் தள்ளினார்கள். கல் வைத்துப் பார்த்தார்கள். தழை வெட்டிப் போட்டார்கள். மணி பத்து ஆகப் போகிறது. குழந்தை அழ ஆரம்பித்தது. அப்பா அம்மாவிடம் வந்து, "நீ இங்கயே உக்காந்து கும்பிட்டுக்க. முடி எடுத்துட்டு ஓடியாந்துடறோம்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "இன்னொரு தரம் பாருடி" என்றாள்.

பார்த்தேன். இன்னும் ஒரு சாண் கீழே போனது.

அப்போதுதான் எதிர்க்கரையிலிருந்து ஒருவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மணலில் நடந்து வந்தார். பிக்கப்காரர் ஆரோக்கியம். எதிர்க்கரையிலிருந்து!

"என்னங்க, எல்லாரும் இங்க நிக்கிறீங்க? பூசாரி நேரமாச்சுங்கறாரு. நான் ஆட்டக் கட்டிட்டு, அண்டா குண்டாவெல்லாம் எறக்கி வச்சிட்டேன்."

"நீ எப்படிப்பா அந்தப் பக்கம் போன?" என்றார் அப்பா.

"பாலத்துலதான். கீழ ரெண்டு வளைவு தள்ளித் தரைப்பாலம் இருக்குல்ல?"

அப்பா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"எப்பக் கட்டுனாங்க?"

"நாலஞ்சு வருசம் ஆச்சுன்னாங்க. டீக்கடையில கேட்டேன், கோயிலுக்கு வண்டி போகுமான்னு. போகும்னாங்க. போயிட்டேன்."

பாருங்கள் அக்கா, எங்களுக்கு அது சொந்தக் கோயில். பரம்பரையாக வருகிறோம். வேப்பமரம் வந்ததும் இறங்கி நடப்போம். அதனால் எங்களில் ஒருவருக்கும் டீக்கடையில் கேட்கத் தோன்றவில்லை. கேட்க வேண்டிய தேவை, வழி தெரியாத அந்த ஒருவருக்குத்தான் இருந்தது. நாலைந்து வருஷமாக அம்மா அந்தப் பாலத்தில் வந்திருக்கலாம். ஆட்டோவில்கூட வந்திருக்கலாம். அப்பா ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் வேனை எடுக்க ஓடினான். அதற்குள் ஆரோக்கியம் என் வண்டியைப் பார்த்து, "ஃபோர் வீல்தானங்க? அப்ப ஏன் சிக்குது?" என்றார். அடுத்த நொடி துண்டை விரித்து, மணலில் சர்வ சாதாரணமாக மல்லாந்து படுத்துத் தலையை அடியில் விட்டார். எவ்வளவு சுலபம்! படுத்தார், பார்த்தார், உள்ளேயிருந்தே சிரித்தார்.

"ஏங்க, முன் சக்கரத்துக்குப் போற ஷாஃப்டே இல்லையே! தண்ட மொத்தமாக் கழட்டிட்டானுங்க. டீசல் மிச்சம் புடிக்கறதுக்குச் சில பேரு செய்யுறதுதான். இது ஃபோர் வீலு இல்லீங்க. லிவரு மட்டுந்தான் ஃபோர் வீலு."

ஒரு வருஷம். ஒரு வருஷமாக முன் சக்கரங்கள் மண்ணைக் கடிப்பதை என் உள்ளங்கையில் உணர்ந்திருக்கிறேன். பதிவு போட்டிருக்கிறேன். லிவரைத் தள்ளியதும் கியர் இறங்கிக் கொஞ்சம் பலம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மீதியை நானே உணர்ந்துகொண்டேன்.

அண்ணி குழந்தையின் காதில் மட்டும், "கண்ணுக்குத் தெரியாதுடா தங்கம்" என்றாள்.

பிக்கப்காரர் கைகொடுக்க, அம்மா ஜீப்பிலிருந்து இறங்கினாள். மணலில் நாலடி நடந்து, நின்று, திரும்பி வந்து என் தோளைப் பிடித்தாள். "நல்லாத்தான்டி ஓட்டுன" என்றாள். கரையில் வந்து நின்ற ரொட்டிப் பெட்டியில் ஏறி, ஏசியில், காலை நீட்டிக்கொண்டு, பாலத்தின் வழியாகப் போய்ப் பத்து இருபதுக்குக் கோயில் வாசலில் இறங்கினாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு. நானும் ஆரோக்கியம் அண்ணனும் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தோம். வண்டி வெளியே வந்தபோது மணி பதினொன்று. நித்திலனுக்கு மொட்டை போட்டாகிவிட்டது. முதல் முடியை எனக்குப் பதிலாக அம்மா ஏந்தினாளாம்.

அதன்பிறகு வீட்டில் என் பெயர் 'கண்ணுக்குத் தெரியாது'. சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கு, கண்ணுக்குத் தெரியாது" என்பான் அண்ணன். எனக்கே வெறுத்துப் போனது. வண்டியை விற்றுவிடலாம் என்றேன். நானேதான் சொன்னேன். அப்பா அன்று மாலையே தரகரிடம் சொல்லிவிட்டார்.

முசிறியிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயசு இருக்கும், சிதம்பரநாதன் என்று பெயர். அப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஷாஃப்டு கதையெல்லாம் நீயா எடுத்து விடாத. கேட்டா மட்டும் சொல்லு" என்றார். நான் சரி என்று தலையை ஆட்டினேன். ஆனால் அந்த ஆள் செருப்பு வாரைச் சரிசெய்வது போல லேசாகக் குனிந்தார் பாருங்கள், எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, அப்படியில்லை. படுத்துப் பாருங்க" என்றேன். நானே கோணிச் சாக்கை எடுத்து வந்து விரித்தேன். அவர் தயங்கினார். அப்புறம் நானும் படுத்தேன். ஆமாம், எங்கள் வாசலில், தெருவே பார்க்க. "இங்க ஒரு தண்டு வரணும், இல்லை. அங்க எண்ணெய் கசியுது. இந்தத் தகடு துரு" என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, "பரவால்லைங்க, ஷாஃப்டு நான் போட்டுக்கறேன். எடுத்துக்கறேன்" என்றார். அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அப்போது அம்மா காபியோடு வெளியே வந்தாள். கொடுத்துவிட்டு, "எதுக்குப்பா உனக்கு ஜீப்பு?" என்று கேட்டாள்.

"தோட்டத்துக்குங்கம்மா. தீவனம் ஏத்தணும், வாழைத்தார் ஏத்தணும்."

"அதுக்கு இது எதுக்கு? பிக்கப் மாதிரி ஒண்ணு வாங்கேன். எது நல்லதுன்னு இவ சொல்லுவா. சொல்லுடி."

கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். எந்தப் பிக்கப்பில் பின்பக்கத் தொட்டி தாழ்வாக இருக்கும், வாழைத்தாருக்கு எது வாகு, காலியாகப் போனால் எது குதிக்கும் என்று. அவர் சந்தேகம் கேட்டார், நான் சொன்னேன். ஒரு பழைய ரசீதின் பின்னால் படம் போட்டுக் காட்டினேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். அம்மா கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர், "ரொம்ப நன்றிங்க. பெரிய உதவி" என்று ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டார். ஜீப் அங்கேயே நின்றது.

அப்பா அம்மாவிடம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "எடுத்துக்கறேன்னு சொன்னவனத் தொரத்தி விட்டியே, உனக்கு என்ன பைத்தியமா?"

"இந்த வீட்டுக்கு வந்தவங்ககிட்ட இவ அரைமணி நேரம் நின்னு பேசிப் பாத்திருக்கீங்களா?" என்றாள் அம்மா. "வண்டியக் குடுத்துட்டா இவ யாருகிட்டப் பேசுவா?"

எனக்கு அது இன்னும் புரியவில்லை அக்கா. நான் என்ன வண்டியோடா பேசுகிறேன்? ஏற்றத்தில் எப்போதாவது, "போயிடலாம், போயிடலாம்" என்று சொல்லியிருப்பேன், அதை அம்மா கேட்டிருப்பாள். வயசானால் அப்படித்தான், கேள்வி ஒன்று, பதில் ஒன்று. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். தனக்காக மகள் வாங்கிய வண்டி என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், விற்க மனசு வரவில்லை. இத்தனை நடந்த பிறகும் அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. குற்ற உணர்ச்சி தாங்காமல்தான் போன வாரம் ஆரோக்கியம் அண்ணனோடு திருச்சி போய், பழைய சாமான் கடை ஏழெட்டு ஏறி இறங்கி, ஒரு ஷாஃப்டு தேடிப் பிடித்து மாட்டினேன். இப்போது முன் சக்கரமும் சுற்றுகிறது. அடியில் படுத்துப் பார்த்துவிட்டேன். இரண்டு முறை.

ஆடியில் குலசாமிக்குப் பொங்கல் வைக்கப் போகிறோம். நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "நம்ம ரெண்டு பேரும் ஜீப்புல போயிடலாம்டி" என்றாள் அம்மா.

"வேன்லயே வாம்மா. பாலம்தான் இருக்கே, உனக்கும் கால் வலிக்காது" என்றேன்.

அம்மா ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "பாலத்துல போறதுக்கு எதுக்குடி ஜீப்பு? மணல்லயே விடு."